பின்னால் வந்த படகு

கற்பிட்டிப் படகுத்துறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில்தான் அவரைப் பார்த்தேன். கட்டம் போட்ட சாரம், வெளிறிய தொப்பி, கயிறு இழுத்துத் தடித்துப்போன உள்ளங்கை. டிவியில், இரண்டு நாட்டுப் பாய்மரக் கழகங்கள் தலைமுறை தலைமுறையாக மோதிவரும் படகுப் போட்டி. கழகத்துக்கு ஒரு படகு. ஒன்றுக்கு வெள்ளைப் பாய், மற்றதற்குச் சிவப்பு. எங்கோ ஒரு பெருங்கடலில் அலை வீட்டு உயரத்துக்கு எழுந்துகொண்டிருந்தது.

படகு ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் அவர் கதிரையில் மறுபக்கம் சாய்ந்தார், தன் பாரமும் அங்கே தேவைப்படுகிறது என்பது போல. அவருடைய தேத்தண்ணி ஆறிப்போனது.

திடீரென்று சிவப்புப் படகின் பாய்மரம் முறிந்தது. வெள்ளை வென்றது. கடையே கைதட்டியது. டிவியில் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்கள். நாங்கள் எல்லோரும் எழும்பினோம், அவர் எழும்பவில்லை.

"முடிஞ்சிட்டு நானா, வெள்ள வெண்டுட்டு," என்று அந்த மூத்தவரிடம் சொன்னேன்.

"அது நானும் கண்டேன். மத்த போட் கரைக்கு வந்துட்டா?"

"அதுதான் தோத்துட்டே."

"தோத்தத கேக்கல்ல தம்பி. கடைசி போட் வராம எங்கட துறையில ஒருத்தரும் கரைய விட்டு எழும்புறல்ல."

டிவியில் விளம்பரம் ஓடியது. அதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். என் பஸ் வந்துவிட்டது.

மறுநாள் இணையத்தில் தேடினேன். சிவப்புப் படகை இழுத்துவந்து கரை சேர்த்திருந்தார்கள், எல்லோரும் உயிரோடு. இதை அவருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் பேரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. என் மனதில் அவர் இன்னும் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.