வெறும் நிலம் என்று சொல்லிவிட்டேன்

படப்பிடிப்புக்கு இடம் தேடுகிறவர் போனில் கேட்டது ஒன்றே ஒன்று. கண்ணுக்கு எட்டிய தூரம் எதுவும் இருக்கக் கூடாது. வீடு, மரம், மின்கம்பி, பச்சை, எதுவும். எனக்குள் ஏதோ துள்ளியது. எதுவும் இல்லாதது எங்களிடம் ஏராளமாக இருக்கிறது. டிவி தொடர் எடுப்பவர்கள் அருவிக்கும் ஆற்றங்கரைக்கும் போவார்கள்; அருப்புக்கோட்டையை வண்டியில் தூங்கிக்கொண்டே கடப்பார்கள். ஒரு முறையாவது எங்கள் பக்கம் கண் விழிக்கட்டுமே.

ஆடியில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினேன். திருச்சுழி போகிற வழியில் அண்ணனின் கரிசல் நிலம். அண்ணன் துபாயில் வேலை பார்க்கிறார். நிலத்தைப் பார்ப்பது மதினி. 'சும்மா கிடக்கிற நிலம்தான்' என்று கூடவே ஒரு வரி எழுதினேன். மதினியிடம் கேட்கவில்லை.

அவர்களுக்கு அந்தப் படம் பிடித்துவிட்டது. வேறொரு மாவட்டத்திலும் ஓர் இடம் பார்த்திருக்கிறோம், இரண்டையும் நேரில் பார்த்து ஒன்றை எடுப்போம் என்றார்கள். அன்றிலிருந்து ஒரே யோசனை. யாராவது செல்போன் கோபுரம் நட்டுவிடுவார்களோ. மழை பெய்து பச்சை பிடித்துவிடுமோ. இந்த ஊரில் பிறந்தவன், மழை வந்துவிடக் கூடாது என்று வானத்தைப் பார்த்தேன்.

புரட்டாசியில் ஐந்து பேர் வந்தார்கள். நிலத்தின் நடுவே போய் நின்று இடம் தேடுகிறவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். இங்கே தண்டவாளம் போட்டுக் கேமராவை ஓட்டலாம், அந்த ஓரம் ஜெனரேட்டர் வண்டி, இந்த ஓரம் சமையல், பத்து நாள் போதும் என்றார். குதிகாலால் மண்ணை ஓங்கி மிதித்து, தாங்கும் என்றார்.

மதினி தூக்குச்சட்டியில் மோர் கொண்டுவந்தார். வரப்பிலேயே நின்றுவிட்டார். கால் உள்ளே வரவில்லை. நான் அவரிடம் போனேன்.

"தம்பி, அவுக எங்கன நடக்காகன்னு தெரியுதா?"

"சும்மா கெடக்குற நெலந்தானே மதினி."

"குதிரைவாலி போட்டு ஆறு நாளாச்சு. டவுனுக்குக் குடிபோனா மண்ணுமா மறந்துபோகும்?"

புழுதி விதைப்பு. மழை வரும் என்று நம்பி, வருவதற்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்து மூடிவிடுவோம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். வெறுமையைத் தேடிப் பார்த்த கண்ணுக்கு அன்று வெறுமை மட்டும்தான் தெரிந்தது.

மதினி அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. விருந்தாளிகள். அதோடு, நான் வாக்குக் கொடுத்தாயிற்றே. மோரை ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் ஊருக்குப் படப்பிடிப்பு வந்துவிடும். பத்து பூட்ஸ் கால்களின் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் அடியில் எத்தனை விதையோ.

சொல்லிவிட்டேன்.

இடம் தேடுகிறவர் கோபப்படவில்லை. "மழை வந்தா எத்தனை நாள்ல பச்சை வரும் சார்?"

நாலைந்து நாளில் என்றேன்.

"பாதி காட்சி காஞ்சும் பாதி பச்சையாவும் இருந்தா ஒட்டாது சார். மழை வரலன்னா?"

ஐவரும் வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி வந்தார்கள். ஒருவர் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். இரண்டு நாளில் தகவல் வந்தது. அந்த இன்னோர் இடத்தையே எடுத்துவிட்டார்கள்.

இருபது நாளாயிற்று. மழை இல்லை. பந்தல்குடிப் பக்கம் வானம் கருத்தால் வாசலுக்கு ஓடுகிறேன். தூறலோடு நின்றால் அதைவிட மோசம். பாதி முளைத்துக் கருகிவிடும். விதை செத்துவிட்டால் அது நான் சொன்னபடியே வெறும் நிலம். படப்பிடிப்பும் போய், விளைச்சலும் போய்.

நேற்றுப் பொறுக்க முடியாமல் பஸ் ஏறினேன். பூட்ஸ் தடம் ஒன்று இன்னும் அப்படியே பதிந்திருந்தது. மதினி குனிந்து அதன் ஓரத்தைச் சுண்டுவிரலால் கீறி, நாலைந்து மணிகளை எடுத்து ஊதி என் உள்ளங்கையில் வைத்தார். ஊறவும் இல்லை, உளுக்கவும் இல்லை. எறும்பு தின்றது போக மிச்சம் கிடக்கிறது என்றார். என் கை வேர்த்திருந்தது. மணிகள் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தன.

ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, அதே குழியில் போட்டு மூடினார்.

"இந்த ஈரம் பத்தாது தம்பி."