பின்சக்கரமும் பட்டாணிக்குருவியும்

என் சைக்கிளின் பின்சக்கரம் என்னைக் கொல்லப்போகிறது என்று ஒரு மாதம் முழுக்க நம்பினேன். நாற்பத்திரண்டு வயது, மீசை, சர்க்கார் உத்தியோகம் எல்லாம் இருந்தும் நம்பினேன்.

பெங்களூரில், மல்லேஸ்வரத்திலிருந்து ஆபீஸுக்குக் கிளம்பி கப்பன் பார்க் மரங்களுக்குள் நுழைந்ததும் சக்கரம் கத்தும். க்ரீச்சு, க்ரீச்சு, க்ரீச்சு. எண்ணெய் காணாத இரும்பு! அச்சு முறிந்து, நான் குப்புற விழுந்து, பின்னால் வரும் பஸ்... அதற்குமேல் நினைக்கத் துணிவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பேன். தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால், டாக்டர் நடக்கச் சொன்னார் என்பேன்.

பூங்காவைத் தாண்டினால் சத்தம் இருக்காது. ஏன் என்று யோசிக்கும் மூளை இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஒக்கலிபுரத்தில் மரத்தடியில் சைக்கிள் கடை வைத்திருந்தவரிடம் போனேன். எங்கள் ஆபீஸ்காரர்கள் பத்துப் பேரின் சைக்கிள்கள்தான் அவருடைய பிழைப்பு. எண்ணெய் விட்டார். மறுநாளும் கத்தியது. சக்கரத்தைக் கழற்றி, அச்சில் உருளும் பால்ரஸ் குண்டுகளை மாற்றினார். மறுநாளும் கத்தியது. மூன்றாவது தடவை, கடையில் நாலு பேர் நிற்கிற நேரம் பார்த்து வெடித்தேன்.

"யோவ், பால்ரஸ் மாத்தினியா, இல்ல பழசையே துடைச்சுப் போட்டியா?"

"நீங்களே சுத்திப் பாருங்க சார். சத்தம் வருதா?"

"இங்க வராதுய்யா! உன்னைக் கண்டா அதுவே பயந்து வாயை மூடிக்குது!"

நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்துவிட்டால் நான் நிறுத்துகிற ஆள் இல்லை. ஆபீஸுக்குப் போய், பழைய குண்டுகளை அவர் வேட்டியில் துடைத்து மாட்டுவதாக நடித்தே காட்டினேன். அந்த வாரமே பத்துச் சைக்கிள்களும் வேறு கடைக்குப் போயின.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என் வீட்டு வாசலில் நின்றார்.

"வாங்க சார். எங்க கத்துதோ அங்கியே பாத்துடலாம். நான் திருடன்னா அங்கியே செருப்பால அடிங்க."

பூங்கா வரை அவரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வழக்கமான இடத்தைக் காட்டினேன். நிறுத்தினார். உடனே, க்ரீச்சு, க்ரீச்சு!

"கேட்டியா? கேட்டியா?" என்று குதித்தேன்.

"சார், சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நிக்குது."

தலைக்குமேல் கிளையில் சிட்டுக்குருவி அளவில் ஒரு பறவை. கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், சாம்பல் முதுகு, தொண்டையிலிருந்து வயிறு வரை டை கட்டியதுபோல ஒரு கறுப்புப் பட்டை. அச்சு அசல் எங்கள் சூப்பரின்டெண்ட். பட்டாணிக்குருவி என்ற பெயர் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கூடு கட்டும் காலத்தில் ஆண்குருவி, தன் இடத்துக்குள் இன்னொரு ஆண் நுழையாமலிருக்க அப்படிக் கத்துமாம். அதன் கூச்சலில் ஒரு நியாயமாவது இருந்தது. என்னுடையதில் என்ன இருந்தது?

அவர் சிரிக்கவில்லை. "ஆபீஸ்ல சொல்லிடுங்க சார்," என்றார்.

மறுநாள் ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொன்னேன். அதையும் என் புது நடிப்பு என்று நினைத்து, முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். "அந்தக் குருவி மாதிரி ஒருவாட்டி கத்திக் காட்டுங்க சார்!" என்றார்கள். ஆத்திரத்தில் மேஜையைக் குத்தினேன். அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பழக்கிவிட்ட என் வாயை முதல் நாளே தைத்திருக்க வேண்டும்.

ஒருவர்கூட அவர் கடைக்குத் திரும்பவில்லை. மழைக்காலத்துக்கு முன்பே அவர் கடையை எடுத்துவிட்டு, தொம்மலூரில் வேறொருவர் கடையில் கூலிக்குச் சேர்ந்தார்.