மெட்டில்டாவின் மூக்கு

மெட்டில்டாவின் மூக்குக்குத்தான் சம்பளம் என்று எங்கள் லேபில் கேலி செய்வோம். அதில் பாதி உண்மை. மாப்பிள்ளையூரணியைத் தாண்டி இருக்கிறது எங்கள் லேப். கப்பலேறப் போகும் துணிகளில் தடை செய்யப்பட்ட ரசாயனம் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. சாயம், ஈயம், ஃபார்மால்டிஹைடு எல்லாவற்றுக்கும் மெஷின் உண்டு. வாடைக்கு மட்டும் மனித மூக்குதான். துணியைக் கண்ணாடி ஜாடிக்குள் மூடி வைத்து, மறுநாள் ஆறு பேர் ஒவ்வொருவராக முகர்ந்து பார்ப்பார்கள். பூஞ்சை, மண்ணெண்ணெய், சென்ட், மீன் என்று துணியில் இருக்கக் கூடாத வாடை வந்தால் ஃபெயில். அந்த ஆறு பேருக்கும் தலைவி மெட்டில்டா. ரிப்போர்ட் டைப் அடிக்கும் எனக்கு வருஷம் பூராவும் ஜலதோஷம், அதனால் அந்தப் பாக்கியம் இல்லை.

அவள் புன்னைக்காயல்காரி. அப்பாவுக்கு மீன்பிடி வள்ளம், புருஷனுக்குக் கப்பலில் வேலை. வேதியியல் படித்தவள், டீச்சர் வேலை கிடைக்காமல் இங்கே வந்து சேர்ந்தாள். ஒருமுறை குழந்தைத் துண்டில் மண்ணெண்ணெய் வாடை என்று ஒற்றைக்காலில் நின்றாள். மெஷினுக்கு ஒன்றும் தெரியவில்லை. விசாரித்தால், குடோனில் துண்டு மூட்டைக்குப் பக்கத்திலேயே வாட்ச்மேன் மண்ணெண்ணெய் கேனை வைத்திருந்திருக்கிறார். அன்றிலிருந்து அவள் சொன்னால் சொன்னதுதான். கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்துகொண்டது.

முகரும் நாளில் மல்லிகைப்பூ கூடாது, பவுடர் கூடாது, பூண்டு கூடாது, ஆறு பேரில் ஒருத்தியான காயல்பட்டினத்து ஸஹ்லா அத்தர் பூசி வரக் கூடாது என்று சட்டம் போட்டவள் அவள்தான். கருவாட்டைத் தடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. முகரும் ஆறு பேரில் ஐந்து பேர் கடற்கரை ஊர்க்காரர்கள். மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போது மீன் இல்லாத டப்பாவைத்தான் அதிசயமாகப் பார்ப்பார்கள்.

அந்த டப்பா முருகேஸ்வரியுடையது. ஏரலில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள். மீன் வாங்காத வீடு. புதிதாக ஆறாவது மூக்காகச் சேர்ந்தவள்.

போன மாதம் குழந்தைகளுக்கான தலையணை உறைகள் வந்தன. ஐந்து பேர் வாடை இல்லை என்று எழுதினார்கள். முருகேஸ்வரி மட்டும் மீன் என்று எழுதினாள்.

“ஏளா, தலகாணி ஒறைக்குள்ள எங்கனளா மீன் வந்து படுத்துச்சி?” என்றாள் மெட்டில்டா. எல்லாரும் சிரித்தோம்.

முருகேஸ்வரி சிரிக்கவில்லை. “சுருக்கம் விழாம இருக்க பிசின் போட்டிருக்காவக்கா. அது சரியா வேகலன்னா மீன் வாடதான் வரும். அதுல இருக்க ஃபார்மால்டிஹைடு இன்னைக்கு லிமிட்டுக்குள்ள இருக்கு. பொறவு கூடிச்சின்னா? பிள்ளைக மூஞ்ச வச்சிப் படுக்கிற ஒறைலா.”

“எனக்கே பாடம் எடுக்கியா? வா, பாத்துருவோம்” என்று மெட்டில்டா பயிற்சிக் குப்பிகளை எடுத்து வரச் சொன்னாள். வாடைகளைப் பழக்குவதற்கென்று வைத்திருக்கும் குப்பிகள் அவை. பெயர் தெரியாதபடி நான் காகிதம் ஒட்டி வரிசையாக வைத்தேன். பூஞ்சையை, மண்ணெண்ணெயை, சென்ட்டை மெட்டில்டா திறந்தவுடன் சொன்னாள். கடைசிக் குப்பியை இரண்டு தரம் முகர்ந்துவிட்டு, “இது வெறும் தண்ணி” என்றாள். மற்ற நான்கு பேரும் தண்ணீர் என்றார்கள். முருகேஸ்வரி அதைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காகிதத்தை உரித்தேன். மீன்.

சத்தம் கேட்டு வந்து நின்ற எங்கள் மேனேஜர் வேதமணி சார்தான் முதலில் பேசினார். “அந்தக் குப்பி பழசும்மா. மருந்து ஆவியா போயிருக்கும். புதுப் பிள்ளைக்கு எல்லாம் மணக்கத்தான் செய்யும். அஞ்சு பேரு இல்லங்காவ, நீங்க பாஸ்னு கையெழுத்துப் போடுங்க. சாயங்காலம் கன்டெய்னர் ஆர்பருக்குள்ள போணும்.”

அவர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். ஆனால் அவர் காட்டிய வழி மெட்டில்டாவுக்கு வசதியான வழி. கையெழுத்துப் போட்டால் அவள் தலைவியாகவே இருப்பாள். போடாவிட்டால், மீன் வாடை இல்லை என்று இத்தனை வருஷம் அவள் சொன்னதெல்லாம் சந்தேகத்துக்குள் வரும், நாற்காலியும் போகும். அவளுடைய கர்வத்தை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ரிப்போர்ட்டில் பாஸ் என்று எழுதினாள். கையெழுத்துப் போடாமல் பேனாவை வைத்துவிட்டாள்.

“அஞ்சு பேரு எங்க சார் இருக்கோம்? அஞ்சும் ஒரே மூக்குலா” என்றாள். பிறகு முருகேஸ்வரி பக்கம் திரும்பினாள். “ஒண்ணு கேக்கேன், பொய் சொல்லக் கூடாது. எம்மேல வாடை அடிக்கா?”

முருகேஸ்வரி கதவைப் பார்த்தாள். “விடுங்கக்கா.”

“சொல்லுளா.”

“அடிக்கும்க்கா.”

“என்ன வாடை?”

“கருவாடு. குளிச்சிட்டு வந்தாலும் சேலையில இருக்கும்.”

“மொத நாளே சொல்லியிருக்கலாம்லா?”

“எப்பிடிக்கா சொல்ல?”

மெட்டில்டா அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டாள் என்று எழுதினால் பொய். காதுவரை சிவந்துவிட்டது. எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

“காலேஜ் ஆஸ்டல்ல எங்கூட இருந்தவ கட்டில ஜன்னலோரம் தள்ளிப் போட்டுக்கிட்டா. காத்துக்காகன்னுல்லா நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”

அப்புறம் பேனாவை எடுத்து, பாஸ் என்று இருந்ததை அடித்து ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.