மூடி வைத்த பெயர்

உள்ளறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம். இரும்பைக் கல்லில் தேய்க்கும் சத்தம். சர்... சர்... என்று இழுத்து, சற்று நிற்கும். விரல் நுனியால் கூர் பார்க்கிற நேரம் அது. பிறகு மறுபடியும் சர்...

கூடத்தில் உட்கார்ந்து மகனின் கண்கட்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்த தாய்க்கு ஒவ்வொரு இழுப்பும் நெஞ்சில் விழுந்தது.

"சாப்பிட வாப்பா. மணி மூணாச்சு."

"பேரைச் சொல்லு. வர்றேன்."

முப்பத்தெட்டு நாளாக அந்த வீட்டில் நடக்கும் பேச்சு இவ்வளவுதான். மகன் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன். இருபத்து நான்கு வயது. தீப்பொறி பறக்கும் வேலையில் ஏழு வருடம் பழுதில்லாமல் காத்த கண்களில் வலது கண்ணை, தர்கா வாசலில் பறந்து வந்த ஒரு கல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கல்லை எறிந்தவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் போதும், கையில் இருக்கும் உளி மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

"நீ வாசல்லதான் நின்னுட்டிருந்தே. கல்லு வந்த பக்கத்தைத்தான் பார்த்துட்டிருந்தே. பார்த்தவங்க சொல்றாங்க."

"ஒரே கூட்டம்ப்பா. எனக்கு ஒண்ணும் தெரியலை."

"ரெண்டு கண்ணும் வச்சிருக்கிற உனக்கே தெரியலைன்னா, நான் எங்கே போய்த் தேடுறது?"

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அவளுக்குத் தெரியும். கை ஓங்கியதிலிருந்து கல் பட்டது வரை எல்லாவற்றையும் பார்த்தவள் அவள்.

கரண்டியக்கா என்றால்தான் எங்கள் பகுதியில் அவளை அடையாளம் சொல்வார்கள். சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறதோ என்னவோ. இருபத்திரண்டு வருடத்துக்கு முன், புருஷன் கைவிட்டுப் போன பிறகு, இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளையோடு தர்காவின் படியேறினாள். இரண்டு நாள் பட்டினி. பந்தியில் யாரும் எந்த ஊர், என்ன மதம், ஏன் தனியாக வந்தாய் என்று கேட்கவில்லை. பரிமாறியவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இன்னும் கொஞ்சம் போடவா?" அந்த ஒரு கேள்விக்கு அவள் ஆயுளையே எழுதிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் தானாகவே துடைப்பத்தை எடுத்தாள். ஒரு மாதத்தில் கரண்டி அவள் கைக்கு வந்தது.

அங்கே அடங்கியிருக்கும் சூஃபிப் பெரியவர் புத்தகம் எதுவும் எழுதி வைக்கவில்லை. சமையற்கட்டுக்குச் சில வழக்கங்களை மட்டும் விட்டுப்போனார். சாப்பிட வந்தவரிடம் பெயர் கேட்கக் கூடாது. அடுத்தவர் குற்றம் கண்ணில் பட்டால், தூங்கும் குழந்தையின் மேல் துணி விலகினால் இழுத்து மூடுவோமே, அப்படி மூடிவிட வேண்டும். மூன்றாவது, அந்தப் பெரிய அண்டா. நூறு பேருக்குச் சோறு வேகும் அண்டாவுக்கு இரண்டு வளையம். ஒரு வளையத்தைத் தொழுகிறவர்கள் வாழும் முன்தெருவிலிருந்து ஒருவர் பிடிக்க வேண்டும். மற்றதை விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள் வாழும் பின்தெருவிலிருந்து ஒருவர். ஒரே தெருக்காரர் இருவர் தூக்கக் கூடாது. ஒரு தெரு கோபித்துக்கொண்டால் அண்டா அடுப்பைவிட்டு இறங்காது. எத்தனையோ சண்டைகள் சோறு தீய்ந்துவிடுமே என்ற பயத்திலேயே முடிந்திருக்கின்றன.

பதினொரு வருடமாக ஒரு வளையம் முன்தெருவில் குடியிருக்கும் கரண்டியக்கா கையில். மற்றது பின்தெருவிலிருந்து வெங்காயம் உரிக்க வருபவள் கையில். ஒருத்தியை ஒருத்தி "ஏ கரண்டி", "அடி வெங்காயம்" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "மூச்சைப் பிடிடி, போன தடவை உன் பக்கம் சாஞ்சுது" என்பாள் ஒருத்தி. "உன் உடம்பு பாரம் சாச்சுது, என்னைச் சொல்றே" என்பாள் மற்றவள். அந்தச் சிரிப்பிலேயே அண்டா தரைக்கு வந்துவிடும்.

இந்த வருடம் தர்கா கமிட்டிக்குப் புதுச் செயலாளர் ஒருவர் வந்தார். ஒரு நாள் வெங்காயக்காரி வளையத்தில் கை வைக்கப் போகும்போது, "நீ தள்ளும்மா, நம்ம ஆளுங்களே தூக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அவள் தள்ளி நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் உரிக்கிறவள்தானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் நின்ற அவள் மகன் மட்டும் எடுத்துக்கொண்டான். வாய்ச்சண்டை கைகலப்பாகி, கைகலப்பு போனில் படமாகி, அரைமணி நேரத்தில் இரண்டு தெருவும் வாசலில் நின்றன. செயலாளரைக் குறிவைத்து அவன் எறிந்த கல், நடுவில் புகுந்து இருபக்கமும் விலக்கிக்கொண்டிருந்த கரண்டியக்காவின் மகன் முகத்தில் போய் விழுந்தது.

விலக்கப் போனவன் கண் போயிற்று. கடவுளே, இதற்கு எந்தக் கணக்கில் நியாயம் தேடுவது?

போலீஸ் கேட்டபோது, "பார்க்கலை" என்றாள். துணி விலகினால் மூடு என்றாரே பெரியவர், மூடினாள். அன்றிலிருந்து தர்காவில் அடுப்பு எரியவில்லை. எதிர் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களும் சுமை தூக்குகிறவர்களும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வீட்டிலோ, அவள் மூடிய துணிக்கு அடியில் சொந்த மகன் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான்.

கதவு தட்டப்பட்டது. திறந்தாள். வெங்காயக்காரி நின்றுகொண்டிருந்தாள். முகம் வற்றி, தலை வாராமல்.

"ஏ கரண்டி."

"எதுக்குடி வந்தே? போயிடு. உள்ளே இருக்கான்."

"இருக்கட்டும். அவனைத்தான் பார்க்கணும்."

"பைத்தியமா உனக்கு? அந்தச் சத்தம் கேட்குதா? உன் பிள்ளைக்குத்தான் தீட்டுறான். யாருன்னு மட்டும்தான் இன்னும் தெரியலை."

"தெரியட்டும்."

"வேணாம்டி. உன் கால்ல விழறேன்."

"நீ விழுந்தா யாரு தூக்குறது? எனக்கே முட்டி செத்துக் கிடக்கு." சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டது. "போலீஸ்ல நீ ஏண்டி சொல்லலை?"

"நம்ம தர்காவுல என்ன பழகினோமோ அதைச் செஞ்சேன்."

"நானும் அங்கேதான்டி பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அடுத்தவங்க குத்தத்தைத்தான் பெரியவர் மூடச் சொன்னாரு. நம்ம குத்தத்தை நாமளே மூடிக்கச் சொல்லலை. நீ மூடினே, சரி. அதுக்கடியில நானும் என் பிள்ளையும் சொகுசா படுத்துக்கிறதா?"

கடைசி வார்த்தைகளை அவள் சத்தமாகவே சொன்னாள். உள்ளே தேய்ப்பது நின்றது.

மகன் உள்ளறை வாசற்படியில் வந்து நின்றான். வலது கண்ணில் கட்டு, கையில் உளி. பார்வை போன பக்கத்தில் வெங்காயக்காரி நின்றதால் தலையை முழுக்கத் திருப்பித்தான் பார்க்க முடிந்தது.

"சித்தியா?" என்றான். சின்ன வயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டுத்தான் பழக்கம்.

வெங்காயக்காரி முன்னால் வந்தாள். "கல்லை எறிஞ்சது என் பிள்ளைப்பா."

கரண்டியக்கா இருவருக்கும் நடுவில் பாய்ந்தாள். மகன் அசையவே இல்லை. அவன் பார்வை வந்தவள் மேல் நிற்காமல் பெற்றவள் மேல் வந்து நின்றது.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்ப்பா."

"முப்பத்தெட்டு நாள். நான் சுவத்துல தலையை முட்டிக்கிட்டப்பவும் உனக்குத் தெரியும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கே இருக்கான் அவன்?"

"ஸ்டேஷன்ல," என்றாள் வெங்காயக்காரி. "இன்னைக்குப் பதினொரு மணிக்கு நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். எல்லாத்தையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டான்."

"அடிச்சாங்களா?"

"என் கண்ணு முன்னாலேயே ரெண்டு அறை விட்டாங்க."

"பத்தாது."

"பத்தாதுதான்ப்பா," என்றாள் அவள்.

உளி பறந்து போய்ச் சுவரில் மோதியது. காரை பெயர்ந்து விழுந்தது. அவன் அப்படியே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தான். இத்தனை நாளும் அழாதவன் அழுதான். கட்டுக்குள்ளேயும் அழுதான் போலிருக்கிறது, வெள்ளைத் துணி ஈரமாகிக்கொண்டே வந்தது. எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்? அவள் ஓடிவந்து அவன் தலையைத் தொட்டாள்.

"தொடாதே. நான் முக்கியமா, தர்கா முக்கியமா உனக்கு?"

"நீ பசியில செத்துடக் கூடாதுன்னுதான்ப்பா அன்னைக்கு அந்தப் படியே ஏறினேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அந்த இரண்டையும் அவள் ஒரு நாளும் தனித்தனியாக வைத்துப் பார்த்ததில்லை.

வெங்காயக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாளைக்குக் காலையில அடுப்பு மூட்டப் போறேன். பின்தெருவுல யாரும் போகக் கூடாதுன்னு பேசி வச்சிருக்காங்க. உங்க செயலாளரும் உள்ளே விடுவாரோ என்னவோ. ஆனாலும் நான் போறேன். பசியோட வர்றவன் நம்ம ரெண்டு பிள்ளைங்களையும் என்ன செஞ்சான்? அரிசி போட்டுடுவேன். இறக்குறதுக்கு இன்னொரு கை வேணும்."

"அம்மா." மகன் நிமிராமலேயே சொன்னான். "நீ அந்த வளையத்தைத் தொட்டேன்னா அப்படியே அங்கேயே இருந்துக்கோ. இந்த வீட்டுக்கு வராதே."

மிரட்டல் மாதிரி இல்லை அது. கெஞ்சல் மாதிரி இருந்தது. அதுதான் அவளை முறித்துப் போட்டது. கோபமாகச் சொல்லியிருந்தால் மீறியிருப்பாள்.

தோழியைத் தெருக்கதவு வரை கொண்டுபோய் விட்டாள்.

"அவன் ஏதாவது சாப்பிட்டானா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"யாரு? ஸ்டேஷன்ல இருக்கிறவனா?"

"ஆமா."

"உள்ளே கொடுக்க விடலை. பார்சலைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கு..."

"என்னை எதிர்பார்க்காதே, வெங்காயம்."

வெங்காயக்காரி கோபித்துக்கொள்ளவில்லை. "அவனுக்குக் கண்ணுக் கட்டை மாத்து, நனைஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். தெருவில் இறங்கியதும் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று மூடிக்கொண்டது. அவள் நிமிர்ந்து பார்க்காமல், முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு, முன்தெருவின் நடுவிலேயே நடந்து போனாள்.

கரண்டியக்கா நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு கூப்பிடு தூரம்தான். கூப்பிடலாம்.

"கதவைச் சாத்தும்மா," என்றான் மகன். முப்பத்தெட்டு நாளில் அம்மா என்று சொல்லி அவன் கேட்ட முதல் வேலை அது.

அவள் சாத்தினாள்.