பெயர் வெட்டிய கோப்பை

இணைய ஏலத்தில் ஒரு சாமானை விற்பது சுலபம், அதற்குப் பிறகு வருகிற தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. அந்தப் பாடு பட்டவர்கள் நான் சொல்வதை நம்புவீர்கள்.

யுத்தம் நடந்து, யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்த காலம் அது. நானும் என் தோழி ஃபசீலாவும் கொழும்பு வெள்ளவத்தையில் வீடு வீடாகப் பழைய பாத்திரங்கள் கேட்டு வாங்குவோம். அவற்றை வெளிநாட்டுத் தமிழருக்கு ஏலத்தில் விற்று, வவுனியாவில் இடம்பெயர்ந்திருந்த பிள்ளைகளுக்குப் பால்மா அனுப்புவோம்.

தேத்தண்ணிக்கு ஒரு கோப்பை

யாழ்ப்பாணத்தவர் நாங்கள் சோறு சாப்பிடுகிற தட்டைக் கோப்பை என்போம். ஃபசீலா கொழும்பு முஸ்லிம். அவள் வீட்டில் கோப்பையில் தேநீர்தான் குடிப்பார்கள். நான் எழுதிக் கொடுத்த 'எவர்சில்வர் கோப்பை'யை அவள் ஆங்கிலத்தில் 'கப்' ஆக்கிவிட்டாள். படமும் மேலிருந்து எடுத்தது, வட்டமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். லண்டனில் தனியே இருந்த ஒருவர் அதை எடுத்தார். பார்சல் போய்ச் சேர்ந்ததும் போன் எடுத்தார், நான் மன்னிப்புக் கேட்டேன். மனுசன் சிரித்தார்.

"பரவாயில்லைத் தங்கச்சி. தேத்தண்ணி குடிக்கவெண்டு எடுத்தனான். இனிச் சோறு காய்ச்சத்தான் வேணும்."

சுவரைப் பார்த்த செம்பு

தவமணி அக்கா வீட்டுப் பாத்திரங்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்தவர். அடிக்கடி ஒரு பாத்திரம் கொண்டுவந்து தருவார். எல்லாவற்றிலும் 'க. யோகநாதன்' என்று பெயர் வெட்டியிருக்கும். பெயர் வெட்டிய சாமானை யார் வாங்குவார்கள்? நான் மகா கெட்டிக்காரியல்லவா, பெயரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துப் படம் எடுத்தேன். செம்பு நல்ல விலைக்குப் போனது. திரையைப் பார்த்த அக்காவின் முகம் வாடிவிட்டது. யோகநாதன் அவருடைய ஒரே தம்பி. வெளிநாடு போகிற வழியில் மொஸ்கோவிலிருந்து ஒருமுறை கதைத்ததோடு சரி, பிறகு ஒரு தகவலும் இல்லை.

"நான் செம்பு விக்க வரேல்லைப் பிள்ளை. அவன்ர பேர் நாலு பேற்ற கண்ணில படட்டும் எண்டுதான் வந்தனான்."

கடைசிச் சாமான்

அதற்குப் பிறகு பெயர்தான் முதல் படம். பாத்திரங்கள் ஒவ்வொன்றாகப் போய், தம்பி சாப்பிட்ட கோப்பை மட்டும் மிஞ்சியது. அக்கா அதையும் கொண்டுவந்தார். நோர்வேயிலிருந்து ஒருவர் எடுத்தார். எடுத்தவரின் பெயர் க. யோகநாதன்! அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உடனே போன் எடுத்தோம். "ஹலோ" என்ற குரலிலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

விஷயத்தைக் கேட்ட அந்த மனிதர், "நான் உங்கட தம்பி இல்லை அக்கா. என்ர பேரைக் கண்ட ஆசையில எடுத்தனான். அவர் வந்து கேட்டால் திருப்பிக் குடுப்பன்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை.

"அதுவரைக்கும் வெறுங் கோப்பையா வைச்சிராதேங்கோ தம்பி. அதில சாப்பிடுங்கோ."

அந்த ஏலத் தளத்தில் பொருளின் நிலையைக் குறிக்கப் 'புதியது', 'பாவித்தது' என்று இரண்டே கட்டங்கள்தான் இருந்தன, தவமணி அக்காவின் கோப்பைக்கு எதில் அடையாளம் போட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.