ஒரே மோட்டாரை இருமுறை சரிசெய்தவர்

கோளாறு அண்ணன் தெருவில் இறங்கி நடந்தால் பத்துப் பேராவது நின்று கையாட்டுவார்கள். மருந்துக் கடைக்காரர் கல்லாவை அப்படியே போட்டுவிட்டு வந்து தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார். ஆனால் அதே மருந்துக் கடையில் குழாய் சொட்டினால் மூன்று தெரு தள்ளியிருக்கும் வேறொரு ஆளைத்தான் கூப்பிடுவார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. உங்களை டிவி மாதிரி பாத்துக்கிட்டே இருக்கலாம். ஆனா டிவியை எவனாவது குழாயில மாட்டுவானா?" என்று அதற்கு விளக்கமும் சொன்னார். அண்ணன் சிரித்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்துதான் முகம் சுருங்கியது.

இத்தனைக்கும் அவர் பார்க்காத வேலை இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றதும் மின்விசிறி மோட்டாருக்குக் காயில் சுற்றினார். தையல் மெஷின் பழுது பார்த்தார். பிளம்பர் ஒருவரிடம் ஆறு வருஷம் இருந்து, கண்ணைக் கட்டிவிட்டாலும் குழாயின் மரையைத் தடவிப் பார்த்தே அளவு சொல்லும் அளவுக்குத் தேறினார். பிறகு ஏதோ ஆசையில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து கல்யாண வீடியோ எடுக்கப் போனார். அங்கே பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு மண்டபத்து ஜெனரேட்டரையே இருபது நிமிஷம் எடுத்து வைத்திருந்தார். "அதோட சத்தம் சரியில்லீங்க, பிஸ்டன் தேஞ்சிருக்கு" என்று காரணம் சொன்னார். பெண்ணின் அப்பா அதைக் காரணமாக ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த வேலை அன்றே போனது.

கருவியும் பிடிக்கத் தெரியும், கேமராவும் பிடிக்கத் தெரியும் என்றால் வேறு என்ன செய்வது? சேனல் ஆரம்பித்தார். குழாய் மாற்றுவது, மிக்ஸி பிரிப்பது, குக்கர் கைப்பிடி முறுக்குவது என்று நாற்பது வீடியோ போட்டார். எல்லாம் அப்பழுக்கில்லாத வேலை. ஒவ்வொன்றுக்கும் பதினொரு பார்வை. அதில் ஏழு தடவை பார்த்தது அவருடைய அம்மா.

நாற்பத்தோராவது வீடியோவில் மெயின் வால்வை மூட மறந்துபோனார். பைப்பைக் கழற்றியதும் தண்ணீர் பீறிட்டுப் போய்ச் சுவர்க் கடிகாரத்தில் மோத, கடிகாரம் வந்து அவர் தலையில் மோத, அவர் கேமராவைப் பார்த்து, "நண்பர்களே, மணி பத்தரை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். கோளாறு அண்ணன் என்ற பேரும் அன்று ஒட்டியதுதான்.

அதற்கப்புறம் ஜனங்களுக்குச் சரியான வேலை பிடிக்கவில்லை. அவரும் சளைக்காமல் வாரம் ஒன்றைக் கெடுத்தார். ஒரு பொருளை ஆபத்தில்லாமல், கேமராவுக்குள் அடங்கும்படி, சொன்ன நேரத்துக்குக் கெடுக்க வேண்டுமென்றால் அந்தப் பொருளைத் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். அது பார்க்கிறவர்களுக்குத் தெரியுமா? அவருடைய அம்மாவே நம்பவில்லை. "என் மிக்ஸிப் பக்கம் வந்தே, கையை ஒடிச்சிருவேன்" என்று கரண்டியைக் காட்டினாள்.

பேரைக் காசாக்கலாம் என்று 'கோளாறு டூல் கிட்' என்று ஒரு ஸ்பானர் பெட்டி கொண்டுவந்தார். வாங்கியவர்கள் பெட்டியைப் பிரிக்காமல் ஷோகேஸில் வைத்தார்கள். 'பத்தே நாளில் பிளம்பர்' என்று ஆன்லைன் வகுப்பு நடத்தினார். மூன்று பேர் சேர்ந்தார்கள். மூவரும் சிரிப்பதற்கு வந்தவர்கள், முதல் நாளே மைக்கை அணைக்காமல் சிரித்தார்கள். கடைசியாகத்தான் 'கோளாறு சர்வீஸ்' என்ற பராமரிப்புக் கம்பெனி. முதலாளி அவர். மேனேஜர் அவர் மனைவி.

"என்னங்க, டாக்டர் ஒருத்தர் 'நோய் கிளினிக்'னு போர்டு மாட்டுவாரா?" என்று அவள் பேரைப் பார்த்த அன்றே கேட்டாள்.

"இது பிராண்டும்மா. ஜனங்க மனசுல பதிஞ்ச பேரு."

"பதிஞ்சிருக்குங்க. அதான் பயமே."

போன் வராமல் இல்லை. மேனேஜர் காலையிலிருந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். "அண்ணன் வந்து எங்க வீட்டுக் குழாயைப் பிச்சுக் காட்டுவாரா? பொண்ணுக்குப் பிறந்தநாள், ஒரு இருபது பிள்ளைங்க வருவாங்க" என்று ஒருவர். "எங்க ஆபீஸ் மேனேஜர் வீட்டுக்கு அனுப்பணும், முன்னாடியே சொல்லிறாதீங்க" என்று இன்னொருவர். பழுது பார்க்கக் கூப்பிட்டவர் ஒருவர்கூட இல்லை.

மேனேஜரின் அண்ணன், அதாவது நம் ஆளுக்கு மச்சான், குளியலறைச் சாமான்களும் தண்ணீர் மோட்டார்களும் விற்கும் பெரிய ஷோரூம் வைத்திருந்தார். அவர் கெடு வைத்தார். மாசம் முடிவதற்குள் ஒரே ஒரு கட்டடத்தின் பராமரிப்பு ஒப்பந்தமாவது கிடைக்க வேண்டும். இல்லையென்றால் கம்பெனியை மூடிவிட்டு ஷோரூமில் டை கட்டி நிற்க வேண்டும். ஏற்கெனவே மூன்று நாள் அங்கே நின்று பார்த்தவர்தான் கோளாறு அண்ணன். வந்தவர்களிடமெல்லாம், "இதை வாங்காதீங்க, ஆறு மாசத்துல ஒழுகும்" என்று உண்மையைச் சொன்னதில் மச்சானுக்கே ரத்த அழுத்த மாத்திரை கூடியது. இருந்தும் தங்கையின் முகத்துக்காக மறுபடி கூப்பிடுகிறார். அண்ணனுக்கோ அந்த டையை நினைத்தாலே மூச்சு முட்டியது. வேலை தெரிந்த கை, வாஷ்பேசினைத் துடைத்துக்கொண்டு நிற்பதா?

மாசம் முடிய நான்கு நாள் இருக்கும்போதுதான் முப்பத்தாறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பிலிருந்து போன் வந்தது. பேசியது சங்கத்தின் செயலாளர். தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற அம்மையார். வீடியோ பார்க்கிற பழக்கமே இல்லாதவர். அந்த ஒரே காரணத்தால்தான் கூப்பிட்டிருந்தார்.

"மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. மேல் தொட்டி பன்னெண்டு மணிக்குக் காலியாயிடும். அதுக்குள்ள சரி பண்ணுங்க. பண்ணிட்டா வருஷ ஒப்பந்தத்தைப் பத்திப் பேசுவோம்."

"வீடியோ எடுத்துக்கலாமாங்க மேடம்?" என்று மேனேஜர் கேட்டாள். அண்ணன் ஒரு வேலையைச் சரியாகச் செய்வதை உலகம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

"தண்ணி வந்தா எதை வேணா எடுத்துக்குங்க."

விடுமுறை நாள். ஒன்பது மணிக்கு இருவரும் போய் இறங்கினார்கள். மோட்டார் அறை தரைத் தளத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். மூலையில் ஸ்டாண்டை விரித்துக் கேமராவை வைத்தார்கள். அண்ணன் மோட்டாரில் காதை வைத்துக் கேட்டார். தண்டுக்குக் கீழே ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். "தண்டைச் சுத்தி அடைக்கிற சீல் போச்சு. அது வழியா காத்து இழுக்குது" என்றார். பையில் அந்த அளவு சீல் ஒன்றே ஒன்று இருந்தது. பம்ப் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றும் சக்கரத்தை உருவி, பழைய சீலை எடுத்துவிட்டுப் புதியதை எண்ணெய் தடவி உட்கார வைத்து, மூடி போட்டு, பம்பின் வாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஒரு தடவை செருமிக்கொண்டு பிறகு சீராக முனக ஆரம்பித்தது. மேலே போகும் குழாயில் மேனேஜர் கையை வைத்தாள். சில்லென்று ஏறியது.

"ஏறுதுங்க!"

மணி பத்து இருபது. அண்ணன் பெருமிதத்தோடு கேமராவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"சிவப்பு லைட் எங்கே?"

"எந்த சிவப்பு லைட்டு?"

"ரெக்கார்டிங் லைட்டும்மா. நீ அமுக்கல?"

"நீங்க அமுக்கினீங்கன்னு நெனச்சேன்."

"நான் நீ அமுக்கினேன்னு நெனச்சேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேனல் ஆரம்பித்த எட்டு வருஷத்தில் எத்தனையோ பொருளைக் கெடுத்ததெல்லாம் அட்சரம் பிசகாமல் பதிவாகியிருக்க, கம்பெனி பேரில் ஒழுங்காகச் செய்த முதல் வேலைக்கு ஒரு பொட்டுச் சாட்சி இல்லை. மேனேஜர்தான் முதலில் தேறினாள்.

"போகட்டும் விடுங்க. நான் மேல போய் மேடமைக் கூட்டிட்டு வரேன். நீங்க எதையும் தொடாதீங்க."

"தொடல."

"சத்தியமா?"

"போம்மா, தொடலைங்கறேன்ல."

அவள் மூன்றாம் மாடிக்குப் போனாள். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மோட்டாரைப் பார்த்தார். அது அழகாக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. எட்டு வருஷப் பழக்கம் கையை நமநமக்க வைத்தது. முகம் சரியாக விழவில்லை என்றால் திரும்ப எடுப்பார்; சத்தம் கேட்கவில்லை என்றால் திரும்ப எடுப்பார். இதில் மட்டும் என்ன? கழற்றத் தெரிந்த கைக்கு மாட்டத் தெரியாதா? மேடம் இறங்கி வர எப்படியும் கால் மணி ஆகும். சுவிட்சை அணைத்தார். இந்தத் தடவை சிவப்பு லைட்டை இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

செயலாளர் கையில் பதிவேட்டோடு குனிந்து உள்ளே வந்தபோது மோட்டார் நான்கு துண்டாகத் தரையில் கிடந்தது. அண்ணன் கேமராவைப் பார்த்து முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்: "வணக்கம் நண்பர்களே. மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. எங்கே பிரச்சினைன்னு இப்ப கண்டுபிடிப்போம்."

"சரி பண்ணியாச்சுன்னு சொன்னீங்க?" என்று செயலாளர் கண்ணாடிக்கு மேலாக மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய சங்கதி அண்ணனின் உள்ளங்கையில் இருந்தது. புதிய சீலை உருவும்போது அதன் கார்பன் வளையம் விண்டுபோயிருந்தது. வேறு சீல் கையில் இல்லை.

இதற்குள் கோளாறு அண்ணன் வந்திருக்கிறார் என்று கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. முப்பத்தாறு வீட்டு ஆட்களும் மாடிப்படியில் அடுக்கடுக்காக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் போன். விஷயம் தெரிந்தவர்கள் குடை எடுத்து வந்திருந்தார்கள். ஒரு தகப்பனார் மகளுக்கு நீச்சல் கண்ணாடியே மாட்டிக் கூட்டி வந்திருந்தார்.

"அப்பா, தண்ணி எப்ப அடிக்கும்?"

"இருடா கண்ணு, மாமா இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கார்."

அண்ணனுக்கு ஒரு வழி இருந்தது. "சீல் மட்டமான சரக்கு மேடம், தானா உடைஞ்சிருச்சு" என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பழுது விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு வராது. ஷோரூமிலேயே வராதவருக்கு இங்கே எப்படி வரும்?

"மேடம், நான் சரி பண்ணிட்டேன். தண்ணி ஏறிச்சு. ஆனா கேமரா ஓடல. அதனால மறுபடி கழட்டினேன். கழட்டும்போது என் கையாலயே சீல் ஒடைஞ்சிருச்சு."

மாடிப்படி முழுக்கக் கொல்லென்று சிரித்தது. குடைக்காரர் ஒருவர் கைதட்டினார். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஓடிட்டிருந்த மோட்டாரை வீடியோவுக்காகக் கழட்டினீங்களா?"

"ஆமாங்க. ஆதாரம் இல்லாம யாரு நம்புவா?"

செயலாளர் பதிவேட்டை மூடினார். முப்பத்து மூன்று வருஷம் எத்தனையோ அலுவலகத்தில், 'வேலை முடிந்தது' என்று எழுதியவர்களிடமெல்லாம் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டு அவர்கள் தூக்கத்தைக் கெடுத்தவர் அவர். அந்தக் கேள்விக்குப் பயந்து, முடித்த வேலையைப் பிரித்துப் போட்டு மறுபடி செய்து காட்ட வந்த ஒரு ஆளை இப்போதுதான் பார்க்கிறார். உதட்டோரம் ஏதோ துடித்தது. சிரிப்பா கோபமா என்று மேனேஜரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒரு மணி வரைக்கும் டயம். தண்ணி ஏறலைன்னா நான் வேற ஆளைக் கூப்பிடறேன்."

சீலுக்கு எங்கே போவது? மச்சான் கடையை விட்டால் விடுமுறையில் வேறு கடை திறந்திருக்காது. அண்ணன் போனில் அளவைச் சொன்னார்.

"மாப்ள, சீல் இருக்கு. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. போட்டாச்சுங்கறீங்க, ஓடிச்சுங்கறீங்க, அப்புறம் எதுக்கு சீல்?"

"அது பெரிய கதை மச்சான். ஆளை அனுப்புங்க."

"ஆள் எதுக்கு? இந்தக் கதையைக் கேக்க நானே வரேன்."

மச்சான் பன்னிரண்டேகாலுக்கு ஒரு கையில் சீலும் மறு கையில் பாலித்தீன் உறையில் போட்ட டையுமாக வந்து சேர்ந்தார். மேல் தொட்டி காலியாகி, நாலாம் மாடியில் யாரோ தலையில் ஷாம்பூ நுரையோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை. நண்பர்களுக்கு வணக்கம் சொல்ல மறந்தார். குனிந்த தலை நிமிராமல் வளையத்தை விரலால் துடைத்து, எண்ணெய் தடவி, ஒரு தள்ளு தள்ளினார். அது பொருந்திய சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது. பதினெட்டு நிமிஷத்தில் மூடி ஏறி, தண்ணீர் ஊற்றி, சுவிட்ச் போட்டாயிற்று. மோட்டார் முனகியது.

எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நுரைத் தலைக்காரர்தான் மேலேயிருந்து, "வந்துருச்சு!" என்று கத்தினார்.

"அவ்ளோதானா?" என்று நீச்சல் கண்ணாடிக்காரி உதட்டைப் பிதுக்கினாள். குடைகள் மடங்கின. ஜனங்கள் ஏமாந்த முகத்தோடு படியேறினார்கள். மச்சான் மட்டும் வாயைப் பிளந்து நின்றார். "மாப்ள, உங்களுக்கு நெஜமாவே வேலை தெரியுமா?" என்றார். டையைச் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"உங்க தங்கச்சி எட்டு வருஷமா வேற என்னத்தைச் சொல்லிட்டு இருக்கா?" என்றாள் மேனேஜர்.

அன்று சாயங்காலமே அந்த வீடியோ வெளிவந்தது. அண்ணனின் சரியான வேலையை முழுசாகப் பார்த்தவர்கள் நூற்றுப் பதினான்கு பேர். மாடிப்படியிலிருந்து யாரோ எடுத்த, "அதனால மறுபடி கழட்டினேன்" என்ற பதினொரு விநாடித் துண்டை ஒன்பது லட்சம் பேர்.

மறுநாள் செயலாளர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒப்பந்தத்தை விரித்து வைத்தார். தட்டச்சில் ஆறு பக்கம். கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார். அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்தார்: 'ஒப்பந்ததாரர் எந்தப் பழுதையும் ஒரு முறை மட்டுமே சரிசெய்ய வேண்டும்.'

"மேடம்," என்று அண்ணன் தலையைச் சொறிந்தார். "சின்ன வேலையா இருந்தா... ஒரு ரிகர்சல் பாத்துக்கலாமா?"

செயலாளர் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் வைத்தார். மேனேஜர் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். அண்ணன் கையெழுத்துப் போட்டார்.