பந்தைப் பார்க்காத அண்ணி

என் அண்ணி பதினான்கு வருஷம் டென்னிஸ் மைதானத்துக்குள்ளேயே, ஆட்டக்காரர்களிடமிருந்து சில அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். அத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆரம்பத்தில் நானும் நம்பவில்லை. நான் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவன். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே, வந்தவர் வாயிலிருந்து பாதிக் கதையைப் பிடுங்கிவிடுவேன். அண்ணியிடம் மட்டும் அந்த வித்தை பலித்ததே இல்லை.

அண்ணிக்கு வேலை ஏற்றுமதி துணிக் கம்பெனியில், செக்கிங் மேசையில். டியூப் லைட்டுக்குக் கீழே சட்டை சட்டையாக வந்து விழும். காலர், தோள், கைமடிப்பு, அடிமடிப்பு என்று விரலால் ஓட்டிக்கொண்டே பார்ப்பார். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தூக்கி எறிந்துவிடுவார். தையல்காரர்களுக்கு அவர் என்றால் சிம்மசொப்பனம். வீட்டிலும் அதே கண்தான். நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அவர் எதிரில் போக மாட்டேன். கடைக்காரன் ஏமாற்றிய கதை ஒரு நொடியில் வெளிவந்துவிடும்.

கம்பெனியின் பின்பக்கக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஒரு டென்னிஸ் மைதானம் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அண்ணி டிபன் டப்பாவோடு வேலி ஓரம் உட்காருவார். ஒருநாள் புதிதாக வெள்ளைக்கோடு அடித்திருந்தார்கள். அண்ணி வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தே, பின்கோடு மூலையில் ஒரு விரற்கடை உள்ளே வாங்கியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கோடு அடித்தவர், சோறு சாப்பிட வந்தோமா போனோமா என்று இருக்கச் சொல்லிவிட்டார். அங்கே இருந்த பயிற்சியாளர் டேப்பை எடுத்து அளந்து பார்த்தார். சரியாக ஒரு விரற்கடை. மறுவாரமே டென்னிஸ் சங்கத்திலிருந்து ஆட்கள் வந்து, பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்லும் கோட்டு நடுவராக உட்கார முடியுமா என்று அண்ணியைக் கேட்டார்கள். டென்னிஸில் எப்படி ஜெயிப்பார்கள் என்பதுகூட அப்போது அவருக்குத் தெரியாது.

பயிற்சி எங்கள் மொட்டைமாடியில் நடந்தது. சாக்பீஸால் ஒரு கோடு. அதன் ஒரு முனைக்கு நேராக ஸ்டூல் போட்டு அண்ணி உட்காருவார். பந்தை வீசுகிறவன் நான். அண்ணன் லிப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையும் யாராவது எங்காவது சிக்கிக்கொள்வார்கள், அவர் போய்விடுவார். அதனால் சிக்கினவன் நான்தான். மொத்தத்தில் ஐயாயிரம் பந்தாவது வீசியிருப்பேன். அப்போதுதான் கவனித்தேன்: என் கையில் பந்து இருக்கும்போது அண்ணி என்னைப் பார்ப்பதே இல்லை. முகவாய் கீழே, கண் கோட்டின் மேலே. வீசின பிறகும் அப்படியேதான் இருக்கும்.

"பந்தைப் பாக்காம எப்படி அண்ணி சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"பந்து தானா வரும். அதுக்கு முன்னாடி நான் கோட்டுல இருக்கணும்," என்றார்.

பந்தோடு கண் ஓடினால், பந்து விழுகிற நேரத்தில் கண் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்குமாம். எங்கே விழுந்தது என்பது தெரியாதாம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து முயன்று பார்த்தேன். அண்ணி மெதுவாகத்தான் வீசினார். என் கண் நாய்க்குட்டி மாதிரி பந்துக்குப் பின்னாலேயே போனது. பத்துக்கு ஏழு தப்பு. அன்றிலிருந்து அண்ணி மீது எனக்கு மரியாதையும் கூடியது, அவர் தலைக்குள் என்னதான் நடக்கிறது என்ற குடைச்சலும் கூடியது.

கோட்டு நடுவருக்கு மொத்தம் மூன்றே சைகை. பந்து வெளியே விழுந்தால் கையை நீட்டிக் கத்த வேண்டும். உள்ளே விழுந்தால் வாயைத் திறக்கக்கூடாது. கோட்டை ஒட்டி உள்ளே விழுந்த பந்தாக இருந்தால் இரண்டு உள்ளங்கையையும் தரையைப் பார்த்து வைக்கலாம். பந்து விழுந்த இடத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டால், இரண்டு கையையும் கண்ணுக்கு நேராகத் தூக்க வேண்டும். அப்போது உயர நாற்காலியில் இருக்கிற ஆட்ட நடுவர் தீர்ப்புச் சொல்வார். அவரும் பார்க்கவில்லை என்றால் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆட வேண்டியதுதான். பதினான்கு வருஷத்தில், இனி சொல்லப்போகிற நாள் வரைக்கும், அண்ணி மூன்றாவது சைகையை ஒருமுறைகூடக் காட்டியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்த வருஷம் பல நாடுகள் கூடும் பெரிய விளையாட்டுப் போட்டி எங்கள் நகரத்துக்கு வந்தது. ஓட்டம், நீச்சல், குத்துச்சண்டை எல்லாம் ஊர் முழுக்கப் பிரித்து வைத்திருந்தார்கள். டென்னிஸ் மட்டும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரம். முப்பத்தாறு கோட்டு நடுவர்களில் அண்ணியும் ஒருவர். பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு அதில் ஒன்பது பேரை மட்டும் எடுப்பார்கள். கோட்டு நடுவர்களுக்கு மேல் ஒரு தலைமை அம்மாள் இருந்தார். தினமும் சாயங்காலம் அவர்தான் மறுநாள் பட்டியலை அறைக்கதவில் ஒட்டுவார். அண்ணிக்கு வயது நாற்பத்தொன்பது. ஐம்பதைத் தாண்டினால் பின்கோட்டில் உட்கார விடுவதில்லை என்பது எங்கள் சங்கத்தின் விதி. இனிமேல் இப்படி ஒரு போட்டி எங்கள் ஊருக்கு எப்போது வருமோ!

"ஃபைனல்ல பின்கோட்டுல ஒருதடவை உட்காந்துட்டா போதும்," என்று இட்லிப்பானையோ இஸ்திரிப்பெட்டியோ கேட்கிறவர் மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அரையிறுதி அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி காத்திருப்பு அறையில் டி.வி. உண்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆடியது எங்கள் ஊர்ப் பெண். சைக்கிள் கடைக்காரர் மகள் என்றால் எல்லாருக்கும் தெரியும். எதிரில் ஒரு நெட்டைப் பெண். இரண்டு மணி நேரம் இழுபறி. நான் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டேன். யாரும் எழுந்து போகவில்லை. பல்வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

கடைசியில் சைக்கிள் கடைக்காரர் மகளுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி வேண்டும். அது வந்தால் இறுதி ஆட்டம். அவள் மட்டையைச் சுழற்றி அடித்தாள். பந்து நெட்டைப் பெண்ணின் தலைக்கு மேல் ஏறி, வளைந்து, பின்கோட்டில் அண்ணி பக்கம் இறங்கியது. நெட்டைப் பெண் ஓடிப் பார்த்தாள், எட்டவில்லை. எல்லாரும் அண்ணியைப் பார்த்தோம். அவர் கத்தவில்லை. உள்ளங்கையையும் காட்டவில்லை. இரண்டு கையும் மெதுவாக எழுந்து கண்ணுக்கு நேராகப் போய் நின்றது.

கடைவாய்ப்பல் பிடுங்க வந்திருந்த பெரியவர், பாவம், அந்த அம்மாளுக்குப் பதற்றம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டார் போலிருக்கிறது என்று அனுதாபப்பட்டார். ஆட்ட நடுவரும் தான் பார்க்கவில்லை என்று தலையை ஆட்டினார். அங்கே கேமராவைப் பார்த்துத் தீர்ப்பு மாற்றுகிற ஏற்பாடு இல்லை. புள்ளியைத் திரும்ப ஆடினார்கள். சைக்கிள் கடைக்காரர் மகள் அதைத் தோற்றாள். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, ஆட்டத்தையே தோற்றாள்.

அதற்குப் பிறகுதான் டி.வி.யில் அந்தப் பந்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். கோட்டின் வெளிவிளிம்பை நன்றாகத் தொட்டிருந்தது. உள்ளே. அறையே கொதித்தது. வர்ணனையாளர், நெட்டைப் பெண் குறுக்கே ஓடி மறைத்துவிட்டார், கோட்டு நடுவர் என்ன செய்வார் என்றார். பன்னிரண்டு பேரும் அதையே பிடித்துக்கொண்டு நெட்டைப் பெண்ணைத் திட்டித் தீர்த்தார்கள்.

நான் மட்டும் திட்டவில்லை. இரண்டாம் முறை காட்டியபோது நான் பந்தைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்தேன். பந்து விழுந்த நேரத்தில் நெட்டைப் பெண் இரண்டடி தள்ளித்தான் இருந்தாள். மறைக்கவே இல்லை. அண்ணியின் முகவாயோ மேலே தூக்கியிருந்தது. ஐயாயிரம் பந்து வீசினவன் நான். அந்த முகவாய் மேலே போய் ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணி வெள்ளைச் சாக்ஸுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அவ மறைக்கல, இல்ல அண்ணி?"

"மறைக்கல. நான் பந்தைப் பாத்துட்டேன்."

அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அண்ணி சோப்பு நுரையை வழித்துக்கொண்டே மீதியையும் சொன்னார். சைக்கிள் கடைக்காரர் மகள் ஜெயிக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டதாம். கண் தன்னை அறியாமல் மேலே போய்விட்டதாம். திரும்பிக் கோட்டுக்கு வருவதற்குள் பந்து எழும்பிவிட்டதாம்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், நல்ல கோபம். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் பந்து உள்ளே என்றுதானே அர்த்தம், அதுதானே நிஜமும், அந்தப் பெண் இறுதி ஆட்டத்தில் இருந்திருப்பாளே என்று கேட்டேன். அண்ணி சாக்ஸைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"பாக்காத பீஸை நான் பாஸ் பண்ண மாட்டேன்," என்றார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. மூன்றாவது சைகை காட்டினால் ஆட்டம் முடிந்ததும் ஒரு தாளில் காரணம் எழுதித் தர வேண்டும். நாலே எழுத்தில் 'மறைப்பு' என்று எழுதினால் வேலை முடிந்தது, வர்ணனையாளரே சாட்சி. அண்ணி, 'யாரும் மறைக்கவில்லை, பந்தைப் பார்த்துவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். தலைமை அம்மாள் தாளை இரண்டுதரம் படித்துவிட்டு, வேறு தாள் வேண்டுமா என்று கேட்டாராம். அண்ணி வேண்டாம் என்றாராம். இதை எழுதியிருக்காவிட்டால் கதவில் உன் பெயர் இருந்திருக்கும் என்றாராம் அந்த அம்மாள். தெரியும் என்று சொல்லிவிட்டு அண்ணி பஸ் பிடித்துவிட்டார்.

இறுதி ஆட்டத்துக்குப் பட்டியலில் இல்லாதவர்களுக்குப் பார்வையாளர் கேலரியில் இடம் கொடுத்தார்கள். அண்ணிக்கு மூன்று பாஸ். வரமாட்டார் என்று நினைத்தேன். எங்களுக்கு முன்னால் கிளம்பி நின்றார். பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக நடுவர் உடுப்பு இல்லாமல், பச்சைப் புடவையில் மைதானத்துக்கு வந்தார். கீழே அவருடைய பின்கோட்டு நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அண்ணி அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, கையை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. கேலரியில் எல்லார் தலையும் இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது. அண்ணி தலை மட்டும் அசையவில்லை. முகவாய் கீழே, கண் பின்கோட்டில். நான் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. நாலு கேம் அப்படியே போனது. கடைசியில் அண்ணன்தான் குனிந்து அவர் காதில் சொன்னார்.

"பந்தைப் பாரு. இன்னிக்கு உனக்கு டூட்டி இல்ல."

அண்ணியின் முகவாய் மெதுவாக மேலே வந்தது. முதலில் தலை தடுமாறியது. பந்து இந்தப் பக்கம் வந்தபோது அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பிடித்துக்கொண்டார். கேள்விமேல் கேள்வி வந்தது. இத்தனை உயரத்திலா போகும்? நடுவில் இப்படி வளையுமா? அடித்தவுடனேயே ஏன் ஓடுகிறார்கள், எங்கே விழும் என்று முன்னாடியே தெரிந்துவிடுமா? பதினான்கு வருஷம் பந்து விழும் இடத்தை மட்டும் பார்த்தவருக்கு, அது வருகிற வழி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை அண்ணன் அளந்துவிட்டார்.

இடைவேளையில் ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இதற்கு மேல் அடக்க முடியாமல் கேட்டேன். நாலு எழுத்து எழுதியிருந்தால் இப்போது அந்த நாற்காலியில் நீங்கள்தானே, எதற்காக அப்படி எழுதினீர்கள் என்று.

அண்ணி காலி மைதானத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அத்தனை வருஷத்துல நான் பாத்தது ஒரே ஒரு பந்து. அந்தப் பொண்ணு அடிச்சது. அவ்வளவு அழகா வந்துச்சு. அதைப் பாத்துட்டு, பாக்க விடாம மறைச்சாங்கன்னு எப்படி எழுதுறது?"

ஆட்டக்காரர்கள் எழுந்து வந்தார்கள். அடுத்த பந்து கிளம்பியது. அண்ணியின் தலையும் அதோடு கிளம்பிப் போயிற்று.